தெக்வென் சிறைக்குப் போகவிருந்த நாள்

சிறைக்குப் போகிற பெண்பிள்ளைக்குப் பையில் என்ன எடுத்து வைப்பது என்று அந்தக் கல்குவாரி ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே தெக்வென் பாரி, ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி எடுத்து வைத்துக்கொண்டாள். மாற்று உடை, துண்டு, சோப்பு, வெல்ஷ் பைபிள். அவள் மனசு நிறைந்து கிடந்தது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு மசித்தே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். இன்றைக்கு ஊரே அவளை வழியனுப்பத் திரண்டிருந்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. இந்த மலைநாட்டின் வெல்ஷ் பேச்சுக்கென்று தனியாக ஒரு டிவி சேனல் தருகிறோம் என்று தேர்தலில் சத்தியம் பண்ணிய லண்டன்காரர்கள், ஜெயித்த சூட்டோடு சூடாகக் கையை விரித்துவிட்டார்கள். அப்படியா சேதி என்று மலைநாடு முழுக்க சனங்கள், வீட்டில் டிவி வைத்திருக்க வருஷாவருஷம் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய லைசன்ஸ் பணத்தைக் கட்டாமல் நிறுத்தினார்கள். வாத்தியார் கட்டவில்லை, பாதிரியார் கட்டவில்லை, ஆடு மேய்க்கிறவன் கட்டவில்லை. தெக்வெனும் கட்டவில்லை. கோர்ட்டில் நீதிபதி இங்கிலீஷில் கேட்டார், இவள் தன் பேச்சிலேயே பதில் சொன்னாள். "எங்க பேச்சு பேசாத பெட்டிக்கு நாங்க எதுக்குங்கய்யா அழணும்?" அபராதம் போட்டார்கள். அதையும் கட்ட மாட்டேன் என்றாள். அப்படியானால் உள்ளே போ என்றார்கள். சரி, போகிறேன் என்றாள்.

ஊர் ஜெபக்கூடமான சாப்பலின் பின்கூடத்தில் தேநீரும் பழரொட்டியும் வைத்து, பெண்கள் பாடுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது அவளை ஏற்றிப்போகக் காரோடு வந்த போலீஸ் சார்ஜென்ட் ஹம்ப்ரிஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். அவனும் இந்தச் சாப்பல் பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை தெக்வெனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வர வேண்டியதில்ல. அபராதத்த யாரோ கட்டிட்டாங்க."

கூடம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் எதிர்வீட்டு மார்ஜெட். அந்த ஊரில் அது வழக்கம். குவாரி மூடிய காலத்திலிருந்தே ஒரு வீட்டில் கஷ்டம் என்றால், விடிவதற்குள் கதவிடுக்கில் ஒரு உறை கிடக்கும். யார் வைத்தார்கள் என்று வாங்கியவர் கேட்கக் கூடாது, கொடுத்தவர் சொல்லக் கூடாது. சாப்பலுக்குள் கெட்ட வார்த்தை பேசினாலும் மன்னிப்பார்கள், அதைக் கேட்டால் மன்னிக்க மாட்டார்கள். பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொள்ள வந்தார்கள். தெக்வெனுக்கோ நடுத்தெருவில் அறைந்த மாதிரி இருந்தது. கண் எரிந்தது.

"யாரு கட்டினது?" என்றாள்.

மார்ஜெட் அவள் கையைப் பிடித்து, "அடியே, அதெல்லாம் கேக்கலாமா?" என்று கிசுகிசுத்தாள்.

"கேப்பேன். யாரு?"

"நான்தான்." சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் இட்வால் எழுந்தான். குவாரித் தூசி நெஞ்சில் படிந்த மனுஷன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடும். "நீ இல்லாத வீட்ட நெனச்சேன், தெக். பயமா இருந்துச்சு."

அவள் கத்துவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

"ஜென்மத்துல ஒரே ஒரு தடவ, ஊரறிய ஒரு சொல்லு சொன்னேன் இட்வால். அத நீ காசு குடுத்துத் திருப்பி வாங்கிட்ட."

இட்வால் தலையைக் குனிந்துகொண்டான். சார்ஜென்ட் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். தாங்க முடியாமல் மார்ஜெட்தான், "காரு சும்மாதானே திரும்பிப் போகுது? என்னக் கடைத்தெருவுல எறக்கி விடேன், ஐயா" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தெக்வென் கோட்டை மாட்டிக்கொண்டு தனியே வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. நாளைக்கு வாத்தியார் முகத்தில் எப்படி விழிப்பது? பக்கத்து ஊரில் ஒரு பெண் உள்ளே போய்விட்டு வந்து நிமிர்ந்து நடக்கிறாளே. இவளைப் பார்த்து, புருஷன் மீட்டெடுத்த பொம்பளை என்றல்லவா சொல்வார்கள். முப்பது வருஷத்தில் இட்வால் மேல் இப்படிக் கோபம் வந்ததில்லை. அவன் இருமல் தெருவில் கேட்டதும் பதறிய தன் மனசின் மேல் அதைவிடக் கோபம் வந்தது.

அவன் உள்ளே வந்தான். இவளிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே டிவியிடம் போனான். இந்த நேரத்திலும் குதிரைப் பந்தயமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, மூச்சு வாங்கி, ஜன்னல் மேடையில் வைத்தான். ஜன்னல் திரைச்சீலையை விலக்கினான். படம் தெருவைப் பார்க்கும்படி பெட்டியைத் திருப்பி, சுவிட்சைப் போட்டான்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?"

"அபராதம்தான் கட்டுனேன்." இருமினான். "லைசன்ஸ் கட்டல. கட்டவும் மாட்டேன். இது என் பெட்டி. லைசன்ஸ் இல்லாம ஓடுது. எல்லாரும் பாக்கட்டும். அடுத்த சம்மன் என் பேருக்கு வரணும்னு ஹம்ப்ரிஸ்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"கோர்ட்டுல நின்னு நீ பேசுவியாக்கும்?"

"நெறைய வராது. 'கட்ட மாட்டேன்'னு சொல்ல எம்புட்டு மூச்சு வேணும்?"

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். இந்த மனுஷனா! டாக்டரிடமே இவனுக்காக அவள்தான் பேசுவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

எதிர்வீட்டில் மார்ஜெட் பழரொட்டித் தட்டோடு நின்று, இவர்கள் ஜன்னலையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுத் திரை விலகியது, பெட்டியின் முகம் ஜன்னலில் தெரிந்தது. அடுத்து வாத்தியார் வீடு. அதற்கடுத்து ரொட்டிக்கடைக்காரர் வீடு. தூறல் விழுந்த கருங்கல் தெருவின் இரண்டு பக்கமும், மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும், ஜன்னலுக்கு ஜன்னல் நீல வெளிச்சம் பூத்தது. எல்லா ஜன்னலிலும் அதே லண்டன் செய்தியாளர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். வாசல்களில் நின்ற சனங்கள் அவரைக் கண்டுகொள்ளாமல், தெருவுக்குக் குறுக்கே தங்கள் பேச்சில் உரக்கக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தெருவின் கடைசி வீடு சார்ஜென்ட் ஹம்ப்ரிஸுடையது. அங்கே மட்டும் திரை மூடியே இருந்தது. அதன் ஓரத்தை உள்ளிருந்து ஒரு கை பற்றியிருந்தது.