எடுத்தவன் பெயர்

…சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் டீசல் ஒழுகாதாம், இவனெல்லாம் ஒரு டிரைவர், ஆலங்காயத்தில் ஏறும்போதே தெரியும் இந்த ஷேர் ஜீப் நெல்லிவாசல் போய்ச் சேராது என்று, ராஜாக்கண்ணு என்று பெயர் வேறு, வண்டிக்கு அடியில் கிடந்து இளிக்கிறான், நான் யாரென்று தெரியுமா இவனுக்கு, நாசகாரிக் கப்பல்களுக்கு உதிரிபாகம் கொடுத்தவன், கடற்படை ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம்… ஒரே அச்சில் நான்கு கப்பல்கள், கட்டிக்கொடுத்த நாடே உடைந்து போனபின் ஒரு வாஷர் கேட்டால் ஒன்றரை வருஷம், ஆனாலும் என் ஸ்டோரில் இல்லை என்ற சொல்லே கிடையாது என்பார்கள் அதிகாரிகள், சும்மாவா? இல்லாததைக் கரையில் நிற்கும் கப்பலில் கழற்றி, கடலுக்குப் போகும் கப்பலில் மாட்டுவோம், கழற்றிய இடத்தில், ஸ்டோரில் இல்லாததால் எடுத்தது என்று எழுதிச் சிவப்பு அட்டை கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை… காலையில் தசரதன் போன் செய்தான், ஒடுகத்தூர்க்காரன், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை, அழுமூஞ்சி. “சார், திங்கக்கெழம விசாரணைங்க. வால்வ நீங்கதான் கழட்டுனீங்க, அட்டை கட்ட மறந்துட்டீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா என் வேலை பூடும்ங்க.” மூடிக்குள் வால்வு இருக்கிறதா என்று பார்க்கத் துப்பில்லாமல் எஞ்சினை ஓட்டித் தீப்பிடிக்க வைத்தவன், ஓய்வு பெற்றவன் தலையில் கட்டப் பார்க்கிறான், பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன், வேறென்ன சொல்வது?

சுற்றிய டியூப் நிற்கவில்லை, ராஜாக்கண்ணு எழுந்துபோய், சாலையோரம் செத்துக் கிடந்த இன்னொரு ஜீப்பின் பானெட்டைத் திறந்து டீசல் பைப்பைக் கழற்றினான், பட்டப்பகலில் திருட்டு, கேட்க ஆளில்லை… பிறகு பானெட்டை மூடி, செங்கல் துண்டால் அதன் மேல் தன் பெயரையும் டீசல் பைப் என்றும் எழுதினான், ஏற்கெனவே அங்கே சின்னராசு டைனமோ, ஜீவானந்தம் ரெண்டு வீல் என்று கிறுக்கல்கள், இந்த மலையில் திருடனும் முட்டாள்தான்.

“ஏம்பா, உன்ன நீயே காட்டிக் குடுக்கிறியே?”

“மணிவேலு வண்டிங்க சார். திட்டுவான், திட்டட்டும். தெரியாம வந்து சாவி போட்டான்னா எரிஞ்சி பூடும்ல?”

பெரிய யோக்கியன், நாலு எழுத்து நேராக எழுத வரவில்லை, சட்டையெல்லாம் கிரீஸ், இவன் சொன்னதற்கு எனக்கு ஏன் வியர்க்கிறது… தசரதன், பாவம், நான் மறந்துவிட்டதாகத்தான் இன்னும் நம்புகிறான். மறக்கவில்லை. வால்வைக் கழற்றிய அன்று அட்டை என் பையில் இருந்தது, பேனாவும் இருந்தது, என் ஸ்டோரில் இல்லை என்று என் கையாலேயே எழுதக் கூசியது, அவ்வளவுதான்… போனில் இரண்டு கோடு சிக்னல் காட்டுகிறது, மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான், என்னையும் யாரும் பெரிதாகத் திட்டப்போவதில்லை, அவன் கேட்பதும் அந்தச் சின்னப் பொய்யைத்தானே, அதற்கும் வாய் வரவில்லையே, ஏன்? ஒருவன் வேலை போனாலும் போகட்டும், மறதிக்காரன் என்ற பெயர் எனக்கு வந்துவிடக் கூடாது என்றா இருக்கிறேன்?