இரண்டு பேர் சேர்ந்தால் கூட்டம்

எங்கள் ஊரான ஸ்கார்வேயின் துறைமுகக் குழுவுக்கு உறுப்பினர்கள் மூன்றே பேர். ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. அந்த மூன்றில் இரண்டு பேர் எங்கேயாவது நின்று துறைமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அது கூட்டமாகிவிடும். கூட்டம் என்றால் முன்னாலேயே ஊருக்கு அறிவித்து, கதவைத் திறந்து வைத்துத்தான் நடத்த வேண்டும். மாநிலச் சட்டம் அப்படி. ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு ஊர்ப் பணத்தில் கை வைக்கக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் அது ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெர்னா லோக்கன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தம்பி ஆர்விட் நண்டு பிடிக்கிறவன். ‘லின்னியா’ என்று ஒரு மரப்படகு வைத்திருந்தான். அவன் முதலிலேயே உறுப்பினர். பிறகு அவளும் நின்று ஜெயித்தாள். “உங்கள் வீட்டு வரியில் ஒரு சென்ட் ஏற விடமாட்டேன்” என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி ஜெயித்தாள். அவளுக்கும் பென்ஷன்தான் வருமானம். சியாட்டிலிலிருந்து ஆட்கள் வந்து கோடை வீடுகளாக வாங்கிக் குவித்ததில் ஊரில் எல்லா வீட்டுக்கும் விலை ஏறிக் கிடந்தது. விலை ஏறினால் வரியும் ஏறும் என்று கிழடுகள் பென்ஷன் கணக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு தவறாமல் ஆர்விட் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவான். பேச்சு தப்பித் தவறித் துறைமுகத்தின் பக்கம் போனால், மற்றவர் உடனே, “நாளைக்கு ஏத்தம் எப்போ?” என்று கேட்கவேண்டும். அது அவர்களுக்குள் ஏற்பாடு. கடல் ஏற்றம், இறக்கம் என்று பேசிப் பேசியே உருளைக்கிழங்கு தீர்ந்துவிடும். சில ஞாயிறுகளில் உலகத்துக் கடல் முழுவதற்கும் ஏற்றம் பார்த்துவிடுவார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் காப்பீட்டுக்காரர்கள் வந்து, படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கிரேனில் சிவப்புச் சீட்டு தொங்கவிட்டுப் போனார்கள். இனி அதில் ஒரு படகும் ஏற்றக்கூடாது. கிரேன் இல்லையென்றால் படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டவும் பலகை மாற்றவும் தெற்கே அடுத்த துறைமுகத்துக்குப் போகவேண்டும். நடுவே ஆற்று முகத்து மணல்திட்டு, அலை படகைப் புரட்டிப் போடும் இடம். இளவட்டங்கள் தாண்டிவிடுவார்கள். எழுபதைத் தாண்டிய ஆர்விட்டால், அந்தப் பழைய படகை வைத்துக்கொண்டு முடியாது. கிரேன் போனால் லின்னியா போச்சு. இது ஊருக்கே தெரியும். வெர்னாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

துறைமுக மேலாளர் கொலீன் கூட்டத்தில் கணக்கைப் பிட்டு வைத்தாள். வீட்டு வரியில் துறைமுகத்துக்கு வரும் தொகையை வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று ஏற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஸ்கார்வேக்காரர்கள் வீம்பாக வருஷக்கணக்கில் அதை எடுக்கவே இல்லை. எடுக்காத அந்த உரிமையெல்லாம் சேர்ந்து நிற்கிறது. இப்போது ஒரே வீச்சில் எடுக்கலாம். எடுத்தால் அதைக் காட்டிக் கடன் வாங்கிப் புதுக் கிரேன் நிறுத்தலாம். நவம்பர் முடிவதற்குள் தீர்மானம் போட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷ வரவுசெலவுக் கணக்கில் கிரேனுக்கு இடமே கிடையாது.

மூன்றாவது உறுப்பினர் டேல் ப்ரூயிட். வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய வைத்திருப்பவர். அவர் வேண்டாம் என்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆக, தீர்மானம் நிறைவேற அக்காவும் தம்பியும் இருவருமே கை தூக்க வேண்டும். அவன் தூக்குவான், அவள் தூக்கமாட்டாள் என்று மீன்சந்தையில் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

நவம்பர் கூட்டத்துக்கு மழையிலும் நல்ல கும்பல். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோப்பையில் காப்பி ஆறிப்போய்விட்டது, குடிக்கத் தோன்றவில்லை. தலைவர் நாற்காலியில் ஆர்விட். “வரித் தீர்மானத்தை யார் முன்மொழியறீங்க?” என்று கேட்டான்.

“நான்தான்” என்றாள் வெர்னா.

கொலீன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “வெர்னா, ஏத்தறதுக்கா? சரியாத்தான் சொல்றீங்களா?”

“காது நல்லாத்தான் இருக்கு உனக்கு. ஏத்தறதுக்குத்தான்.”

டேல் சிரித்தார். “ஒரு சென்ட் ஏற விடமாட்டேன்னு என் வீட்டு வாசல்ல நின்னு சொன்னீங்க. என் நாய்கூட சாட்சி.”

“ஆமா, சொன்னேன். இன்னிக்கு வார்த்தை தவறுறேன். அடுத்த தேர்தல்ல உங்க நாயையே நிக்க வைங்க.” சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். “எதுக்குன்னு ஒளிக்க ஒண்ணுமில்ல. கிரேன் போனா என் தம்பி படகு போயிடும். படகு போனா அவன் போயிடுவான். கூடுதலா வர்ற வரியை நான் கட்டிக்கிறேன்.”

 ஆர்விட் கையில் இருந்த, தலைவர் தட்டும் சின்னச் சுத்தியலை மேசைமேல் வைத்தான்.

“அக்கா, படகை வித்துட்டேன்.”



“என்னது?”

“போன வாரம் முடிஞ்சுது. அலாஸ்காக்காரன் ஒருத்தன். அட்வான்ஸ் வாங்கிட்டேன்.”

“டேய், எதுக்குடா?”

“ஓட்டுப் போடத்தான். என் படகைத் தூக்க உன் பென்ஷன்ல கை வைக்கறேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. நீயே நினைக்கக்கூடாது. படகு இல்லாதவனா உக்காந்து ஊருக்காகக் கை தூக்கலாம்னு பார்த்தேன்.”

“ஞாயித்துக்கிழமைதானே என் முன்னால உக்காந்து உருளைக்கிழங்கு தின்ன! ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“எப்படிச் சொல்றது? சட்டம்.”

“சட்டமாம்! படகு விக்கறது துறைமுக விஷயமா? உன் சொந்தப் படகுடா அது!”

“வித்துட்டேன்னு சொன்னா, ஏன் வித்தேன்னு கேட்டிருப்ப. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? கிரேன், ஓட்டுன்னு பேச்சு வந்துடாதா?”

 

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பெண் மெல்லக் கை தூக்கினாள். “மன்னிக்கணும். உருளைக்கிழங்கையும் எழுதணுமா?”

“எழுது” என்றார் டேல். “அது ஒண்ணுதான் இங்க புரியுது.” பிறகு கொஞ்சம் தணிந்து, “வெர்னா, நீங்க கொண்டுவந்த தீர்மானம். காரணம் போயிடுச்சு. வாபஸ் வாங்கிக்கலாம். யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க” என்றார். அதை அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

இடைவேளை விட்டார்கள். அக்கா ஒரு ஜன்னல், தம்பி எதிர் ஜன்னல். பக்கத்தில் போய் நிற்க இருவருக்கும் பயம். கதவருகே, கிரேனை நம்பிப் பிழைக்கும் படகுப் பட்டறை ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அவள் பேருந்தில் வந்தவர்கள். ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

மறுபடி உட்கார்ந்ததும் வெர்னா சொன்னாள்: “வாபஸ் இல்ல. கட்டறதுன்னு மனசைத் தேத்தறதுக்கு எனக்கு இத்தனை ஞாயிறு ஆச்சு. திரும்ப இன்னொரு மனசு தேத்த எனக்கு வயசில்ல. கிரேன் வரட்டும். எவன் படகையாவது தூக்கட்டும்.” பிறகு தம்பியைப் பார்த்து, “உன் வீடு கடலைப் பார்த்த வீடு. என்னைவிட நீதான் அதிகம் கட்டுவ. ஞாபகம் வச்சுக்கோ” என்றாள்.

அவள் கை தூக்கினாள். ஆர்விட் தூக்கினான். டேல் வேண்டாம் என்றார். தீர்மானம் நிறைவேறியது. பட்டறை ஆட்களில் ஒருவன் கை தட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்கு அக்காவும் தம்பியும் ஒரே மழையில் தனித்தனி வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் வெர்னா துறைமுக அலுவலகத்துக்குப் போய், பதவி வேண்டாம் என்று கொலீனிடம் சொன்னாள். சொன்ன வார்த்தையைத் தவறியவள் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று வெட்கப்பட்டுத்தான் விலகுகிறாள் என்று கொலீன் நினைத்துக்கொண்டு, “ஊர் மறந்துடும், வெர்னா” என்றாள்.

“ஊர் கிடக்கட்டும். இங்க எங்க கையெழுத்துப் போடணும்?”

போட்டாள். அங்கிருந்து நேராக ஆர்விட் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை. நான் அவனுக்குப் பக்கத்து வீடு. ஜன்னலைச் சாத்தியும் எல்லாம் கேட்டது.

“இப்ப நான் யாரும் இல்ல. உன் அக்கா மட்டும்தான். கூட்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எவன்டா அந்த அலாஸ்காக்காரன்? என்ன விலைக்குக் குடுத்த? எஞ்சினுக்குத் தனியா வாங்கினியா, இல்ல சும்மா தூக்கிக் குடுத்தியா?”

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

“சும்மாவா குடுத்த! அட முட்டாளே!”

பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒன்றுவிடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.