ஸ்பீக்கரை மாட்டியதும்

கழுத்தில் ஆபரேஷன் முடிந்து மாதங்களாகியும் கெர்ட்ரூட்டுக்குக் குரல் முழுதாகத் திரும்பவில்லை. சுருதி சேர்ந்தது, சத்தம்தான் எழவில்லை. சுங்கை சிப்புட் கோயிலின் பாடகர் குழுத் தலைவர் மரியஜோசப், ஈஸ்டர் பூசையில் தனியாகப் பாட அவளுக்குப் பதில் வேறு ஆளைப் பார்க்கலாமா என்று பேச்செடுத்தார். கெர்ட்ரூட்டின் கணவன் ஆம்புரோஸ் ஈப்போ ரேடியோ கடையில் வேலை பார்க்கிறவன். வாய் சும்மா இருக்குமா?

"பொறுங்கண்ணே, நான் ஆம்ப்ளிஃபையர் செஞ்சு தாரேன்லா."

அவர்கள் குடியிருந்த தோட்டத்து லைன் வீடுகளில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துவிடக் கூடாதென்று எல்லாச் சோதனையையும் காதில் சொருகும் கிறிஸ்டல் இயர்ஃபோனிலேயே முடித்தான். கெர்ட்ரூட் முணுமுணுத்தால்கூடக் காதில் இடி இடித்தது. மைக்கின் சின்னஞ்சிறு சிக்னல் நூறு மடங்காகிறது என்று மீட்டரும் சொன்னது.

சனிக்கிழமை காலை, கோயிலில் ஒத்திகை. முதன்முறையாகப் பெரிய ஸ்பீக்கரை மாட்டினான். வந்தது கொசுச் சத்தம். குழுவில் யாரோ சிரித்தார்கள். கெர்ட்ரூட் மைக்கை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராத்திரி ஈஸ்டர் பூசை இருக்கு. டோரிஸ பாடச் சொல்லிரவா?" என்றார் மரியஜோசப்.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்கண்ணே."

மகா புத்திசாலி முதலில் செய்தது, சிக்னலை இன்னும் பெருக்க இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்த்தது. குரல் கரகரத்ததே தவிர உயரவில்லை. பிறகுதான் ஸ்பீக்கர் மாட்டியிருக்கும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தான். கழற்றினால் முள் எழுகிறது, மாட்டினால் படுத்துவிடுகிறது.

"அலாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பெருக்கத்தில் குறையே இல்லை. இயர்ஃபோன் மின்சாரமே கேட்காத சாது. எட்டு ஓம் ஸ்பீக்கரோ பெருந்தீனிக்காரன். ஆம்ப்ளிஃபையரின் வெளிமுனையில் இருந்த ஆயிரக்கணக்கான ஓம் தடை, பெருகிய சிக்னலை வெளியே விடாமல் தானே விழுங்கிக்கொண்டிருந்தது.

புதிதாகச் சேர்த்ததைப் பிடுங்கி எறிந்தான். வெளிமுனையில் சிறிதும் பெரிதுமாக இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பெரியதன் எமிட்டர் என்கிற காலிலிருந்து ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுத்தான். இந்த ஜோடி சிக்னலை ஒரு துளியும் பெருக்காது. தடையைத் தணித்து, ஸ்பீக்கர் கேட்கிற மின்சாரத்தை மட்டும் அள்ளிக் கொடுக்கும்.

மத்தியானம் கெர்ட்ரூட் பயந்து பயந்து முதல் அடியைப் பாடினாள். கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்டது. பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு? போயிருச்சா?" ஆம்புரோஸ் பதறி ஓடினான்.

"ஒண்ணும் ஆவலங்க." அவள் கண்ணைத் துடைத்தாள். "தொண்டைய இழுக்காமலே கேக்குது."

"டோரிஸ் வேணாம்லா. நீயே பாடு தங்கச்சி," என்றார் மரியஜோசப்.

அப்பாடா என்று ஆம்புரோஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கெர்ட்ரூட் மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கினாள், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.