இடது கை நாடா

ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். மார்பகப் புற்றுக்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்ட பெண்களின் கையை டேப்பால் அளப்பதுதான் என் வேலை. நிணநீர் வடிய வழியில்லாமல் கை எப்போது வீங்கத் தொடங்குகிறது, ஏன் சிலருக்கு மட்டும் வீங்குகிறது என்று ஆறு வருடமாகப் பார்க்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். டேப்பில் எண்களே அழிந்துவிட்டன. நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

அன்று வெள்ளிக்கிழமை, பிரேசிலில் எங்கள் சால்வடோரில் விடாத மழை. வெள்ளியன்று வெள்ளை உடுத்துவது இங்கே சாமிக்கான வழக்கம்; எல்லாரும் அப்படியே உடுத்திவந்து முழங்கால்வரை சேறாக்கியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் டோனா வால்டெலீசி; டோனா என்றால் எங்கள் ஊரில் 'அம்மா' மாதிரி. முப்பது வருடம் பஸ் கண்டக்டர். அவர் வாய்க்கு மட்டும் டிக்கெட் கிடையாது.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி தொங்குது? நோயாளி நானா நீயா?"

"ஆளுக்குப் பாதி, டோனா. கையக் குடுங்க."

இடது கை வீங்கிச் சிவந்து கொதித்தது. மணிக்கட்டில் போன்ஃபிம் கோயில் வேண்டுதல் நாடா சதைக்குள் புதைந்திருக்க, ஓரத்தில் நீர் கசிந்தது. அந்த நாடாவைக் கட்டிவிட்டது நான்.

அதைத் தனக்குத்தானே கட்டிக்கொள்ளக் கூடாது. அறுவை முடிந்த வாரம் என்னிடம் நீட்டினார். வலது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் இடது கையைப் பிடித்து, வேண்டுதலுக்கு ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டேன். அறுவை செய்த பக்கம் ஒரு நூல்கூடக் கட்டாதீர்கள் என்று துண்டறிக்கை எழுதியவளும் நானேதான். ஊருக்குத்தான் உபதேசம். பிறகு அளக்கும்போதெல்லாம், தளர்வாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது தானாக இற்று விழுந்தால்தான் வேண்டியது பலிக்கும், அறுத்தால் போச்சு. எங்கள் ஊரில் யார் அதைக் கழற்றச் சொல்வார்கள்?

"இத வெட்டணும், டோனா. இப்பவே."

"கைய வேணா வெட்டு. அத வெட்டாத."

"வெளையாடாதீங்க."

"நானா வெளையாடறேன்? புத்து திரும்பி வரக் கூடாதுன்னு மூணு முடிச்சுக்கும் ஒரே வேண்டுதல். நீ வெட்டி, அது வந்துட்டா யாரு பொறுப்பு?"

வழக்கப்படி கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இடது காறை எலும்புக்கு மேலே விரல் நின்றது. நெறி கட்டியிருந்தது, கல் மாதிரி, அசையாமல். கிருமியால் கட்டும் நெறி தொட்டால் வலிக்கும். அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்லியே."

வலிக்கிறது என்று சொல்லக் கூடாதா இந்த மனுஷி!

அலுப்பு எலும்புவரை இறங்கியது. எல்லாம் நாடாவால்தான் என்று சொல்லி இன்று வெட்டிவிட்டு, மற்றதை அடுத்த வாரம் சொல்லலாம். ஆனால் அடுத்த வாரம் இவர் கூட்டிப் பார்ப்பார்: வெள்ளிக்கிழமை நாடா போனது, வியாழக்கிழமை புற்று வந்தது. வெட்டச் சம்மதித்த தன்னையே கடைசிவரை திட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பழியை அவர் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

எடுத்த கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"டோனா, மொதல்ல ஒண்ணு சொல்றேன். கழுத்துல நெறி கட்டியிருக்கு. ஊசி போட்டு எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம். ஆனா எனக்கு அது நல்லதாத் தெரியல. நாடா இன்னும் உங்க கையிலதான் இருக்கு, பாத்துக்குங்க. வெட்டறதுக்கு முன்னாடியே இந்த நெறி வந்திருக்கு. அப்புறம், இந்தக் கையில நான் கட்டியிருக்கவே கூடாது. அது என் தப்பு."

அவர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழுதது நான்.

"சீ, கண்ணத் தொடச்சுக்க. வெளிய ஆளுங்க காத்திட்டிருக்காங்க." கையை மேசைமேல் வைத்தார். "வெட்டு. முடிச்ச விட்டுட்டுப் பக்கத்துல வெட்டு."

சதையிலிருந்து மெல்ல விலக்கி வெட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவிழாத முடிச்சுகளோடு அந்தத் துண்டை வாங்கி வலது உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"ஊசி எப்ப?"

"திங்கக்கிழம. பெரிய டாக்டர் போடுவாரு."

"அவரு வேணாம். நீயே போடு," என்றார். "இந்தத் தடவ எந்தப் பக்கம்னு பாத்துப் போடு."