வெடிச் சத்தம் வந்த திசை

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு பாடம் உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத பாடம். சத்தம் கேட்டால் ஓடு. சத்தத்துக்கு முதுகைக் காட்டி ஓடு. எந்த ரூமில் என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று நின்று பார்த்தால், அதற்குள் பக்கத்து ரூமும் சேர்ந்து கிளம்பிவிடும். ஒவ்வொரு ரூமுக்கும் நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பது காற்று வாங்குவதற்கு இல்லை.

பொன்மணிக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவளுடைய அம்மா மாடத்தி. பிளஸ் டூ முடித்த லீவில் அம்மாவோடு வெடிக்குத் திரி வைக்கப் போன முதல் நாளே சொன்னாள்.

"சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம ஓடணும். நானே கூப்புட்டாலும் திரும்பக் கூடாது. கேட்டியாத்தா?"

பொன்மணி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. வைகாசியில் ஒருநாள் காலை வேலை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. ஓடினாள். சீமைக்கருவேல முள்ளைக் கிழித்துக்கொண்டு கண்மாய்க் கரை வரைக்கும் ஓடித்தான் நின்றாள். பின்னால் வந்தவர்களில் அம்மா இல்லை.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. எடுத்துப் போட்ட அன்றைக்கும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. ஊர் சும்மா இருக்குமா? "பெத்தவ போயிருக்கா, ஒரு சொட்டுத் தண்ணி வரல பாரு" என்று காதுபடவே பேசினார்கள். பேசட்டும். கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாது அல்லவா? அவளுக்கு மொத்த ஆளும் அப்படி ஆகிவிட்டது. பசித்தால் சாப்பிட்டாள், இருட்டினால் படுத்தாள்.

அப்பா ஊர்க்காவலன் வேறு மாதிரி. வெடிமருந்து கலப்பதில் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கிய ஆள். பொண்டாட்டியைப் புதைத்த இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி, "இனிமே வெடியத் தொட்டா எங்கை அழுகிப் போகட்டும்" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் பேப்பர் லோடு இறக்குகிற வேலைக்குப் போனார். தீபாவளிக்கு ஊரே வெடித்துக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வீட்டில் இரண்டு பேருக்கும் நடக்கிற பேச்சு, "சாப்பிட்டியா தாயி", "சாப்பிட்டேம்ப்பா" என்பதோடு முடிந்துவிடும்.

தலைத் திதி கழிந்தது. வருஷம் முடியாமல் மலை ஏறக் கூடாது என்று பொறுத்திருந்த சித்தி குருவம்மாள், ஆடி அமாவாசைக்கு வந்து நின்றாள்.

"மச்சான், பிள்ளைய மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். இப்பிடியே விட்டா பித்துப் பிடிச்சுரும். நீங்களும் வாறீகளா?"

"எனக்கு லோடு இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

மலைக்குப் போனால் மனசு லேசாகும் என்பார்கள். கூட்டம் முழுக்க ஏறியது, பொன்மணியும் ஏறினாள். கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டாள். விபூதியும் பொரிகடலையும் இரண்டு வாழைப்பழமும் மஞ்சப்பையில் போட்டுக் கையில் கொடுத்தாள் சித்தி. செல்போன் சித்தியின் பையில் இருந்தது.

இறங்கும்போதுதான் வினை வந்தது. பாதை திரும்புகிற இடத்தில் மரத்தடியில் ஒரு காவல் தெய்வக் கல். அடிவாரத்தில் தீப்பெட்டியைக்கூடச் சோதித்துப் பிடுங்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நேர்த்திக்கடன்காரன் ஒருவன் வெடியை மடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். சாமிக்குப் போட்டதைச் சாமி கேட்டதோ இல்லையோ, பொன்மணியின் கால் கேட்டுவிட்டது.

அவள் ஓடலாம் என்று நினைக்கவேயில்லை. நினைப்பதற்குள் கால் கிளம்பிவிட்டது. பாதையை விட்டுச் சரிவில் இறங்கி, புதரில் விழுந்து எழுந்து, பின்னால் "ஏத்தா பொன்மணி! நில்லுத்தா!" என்று சித்தி கத்துவது காதில் விழ விழ ஓடினாள். கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது அல்லவா? மூச்சு முட்டி அவள் நின்றபோது குரலும் இல்லை, பாதையும் இல்லை. செருப்பு எங்கேயோ போயிருந்தது. வந்த வழியே திரும்பலாம் என்று பார்த்தால், எல்லாப் பக்கமும் மரம்தான் வந்த வழியாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நடுவில் கிடந்த ஓடை, சற்று முன் கால் நனையாமல் அவள் தாண்டி வந்த ஓடை, செந்தண்ணீரும் சருகுமாக இரைந்துகொண்டு வந்தது.

வேறொரு பிள்ளையாக இருந்தால் ஓவென்று அழுதிருக்கும். பொன்மணி ஒரு பாறை இடுக்கைப் பார்த்து உட்கார்ந்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். ராத்திரி ஏதேதோ சத்தம். மரம் முறிகிற சத்தம்கூட வந்தது. யானையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பும் அடுத்த வீட்டு யானையைப் பற்றிய நினைப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தாள். கலங்கல் தண்ணீரைக் குடிக்கவில்லை. பாறையில் கசிந்து வழிந்த தண்ணீருக்கு வாழைமட்டை அளவு இலை ஒன்றை வளைத்துவைத்துக் குடித்தாள். குரங்கு உலுப்பிப் போட்ட நாவல் பழத்தைப் பொறுக்கி மஞ்சப்பையில் சேர்த்தாள். காலில் ஏறிய அட்டையின் மேல் விபூதியை அப்பினாள். அது சுருண்டு விழுந்தது. சாமி கொடுத்ததில் அன்றைக்கு உதவியது அந்த விபூதிதான். ஓடை வடிந்தால் அக்கரை போய்ப் பாதையைத் தேடலாம், அதுவரை இந்தப் பாறையை விட்டு அசையக் கூடாது என்று முடிவெடுத்தாள். நல்ல முடிவு. அதன்படி இருந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் இருந்திருப்பாள்.

மலைக்குக் கீழே சேதி போன அன்றைக்கே ஊர்க்காவலன் வந்து சேர்ந்துவிட்டார். தாயில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆளும் வந்தது. வனத்துறை வாட்சர் கண்ணுச்சாமி, "ஓடை இரைச்சல்ல தொண்டை கிழியக் கத்துனாலும் கேக்காதுய்யா. ஆனை வேற நிக்கி" என்றார். பட்டாசுக்கார ஊருக்கு அதற்கு மேல் யோசனை எதற்கு?

"வெடி போடலாமாய்யா?" என்று கேட்டது ஊர்க்காவலன்தான். "சத்தம் மலையத் தாண்டியும் கேக்கும். பிள்ள சத்தத்தப் பிடிச்சு வந்துரும். ஆனையும் ஒதுங்கும்."

யானை விரட்ட வனத்துறையே வெடி வைத்திருக்கிறது என்பதால் கண்ணுச்சாமி அதிகாரியிடம் போனில் கேட்டுச் சம்மதம் வாங்கினார். வேனில் வெடி வந்தது. ஊர்க்காவலன் தொடவில்லை. சத்தியம் இருக்கிறதே. தள்ளி நின்றுகொண்டார். இளவட்டங்கள் சரத்தையும் அணுகுண்டையும் கலந்துகட்டிக் கொளுத்தித் தள்ளினார்கள்.

பாறையில் உட்கார்ந்து நாவல் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்த பொன்மணிக்கு அது கேட்டது. படபடவென்று ஆரம்பித்து, ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, எதிரொலியும் சேர்ந்து மலை முழுக்க உருண்டது. ஒரு ரூம் பிடித்து அடுத்த ரூம் பிடிக்கிற அதே சத்தம். மஞ்சப்பை பாறையிலேயே கிடந்தது. அவள் ஓடினாள்.

அன்றைக்கு ஆட்கள் இடம் மாறி மாறி வெடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் எதிர்ப்பக்கம் ஓடினாள். மகளைக் கூப்பிடுவதற்காக ஒரு ஊரே சேர்ந்து மகளை விரட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் விழுந்து கிடந்த இடத்தில் பழமும் இல்லை, கசிகிற பாறையும் இல்லை. முழங்காலில் தோல் பிய்ந்து தொங்கியது. அதைப் பார்த்தாள். வலிக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அது யாருக்கோ வலித்தது. இப்படியே கிடந்தால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குக் கசக்கவில்லை. அதுதான் மோசம்.

மூன்றாம் நாள் வெயில் மரத்துக்குள் இறங்கிய நேரம். ஒரு வெடி கேட்டது. ஒரே ஒரு வெடி.

எழுந்துவிட்டாள். கால் ஓட ஆரம்பித்தது. ஆனால் நாக்கு வறண்டு தலை கிறுகிறுத்ததால் ஓட்டம் இரண்டு மரத்தைத் தாண்டவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முதல் சத்தத்தின் எதிரொலி முழுக்க அடங்கியிருந்தது. அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு. பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்று. அடங்கியது. இரண்டு.

விபத்து இப்படி வெடிக்காது. விபத்துக்கு ஏது பொறுமை? இது ஒரு ஆள், குத்தவைத்து உட்கார்ந்து, கையால் கொளுத்துகிற வெடி.

அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா சாயங்காலம் கம்பெனிப் பொட்டலில் அன்றைய சரக்கைச் சோதித்துப் பார்ப்பார். முதலில் ஒன்று, சத்தம் பார்க்க. பிறகு இரண்டை ஒன்றாகக் கொளுத்துவார், திரி ஒரே சீராக எரிகிறதா என்று பார்க்க. அப்புறம் சிதறிய காகிதத்தைப் பொறுக்கி, மருந்து முழுக்க எரிந்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பார். அதற்குத்தான் அந்த நீண்ட இடைவெளி. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் அம்மா சொல்வாள்: "உங்கப்பா வந்துருவாக. உலைய வையித்தா."

வெடியைத் தொட மாட்டேன் என்ற மனுஷன் தொட்டிருக்கிறார். அது எதற்காக என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். ஒரு வருஷமாக வராத பயம் அப்போதுதான் வந்தது. பல் கிட்டிக்கும்படி வந்தது. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு பின்னால் இழுத்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அது அடங்கும் வரை நின்று, அடங்கியதும் அடுத்த மரத்துக்குப் போனாள். "அப்பா" என்று கத்திப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. இடைவெளி வரவர நீண்டது. வெடி தீர்ந்துபோனால், அவர்கள் வேறு பக்கம் போய்விட்டால், அப்புறம் இல்லை. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கிடந்து செத்தால் என்ன என்று நேற்று நினைத்தவள், "இன்னும் ஒண்ணு போடுப்பா, இன்னும் ஒண்ணு" என்று முனகிக்கொண்டே நடந்தாள்.

மேட்டில் ஏறியதும் புகை தெரிந்தது. ஒரு வழுக்குப் பாறையில் அப்பா குத்தவைத்திருந்தார். கையில் ஊதுபத்தி. எதிரே இரண்டு அணுகுண்டு. தள்ளி, கண்ணுச்சாமி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்; இளவட்டங்கள் வேறு பக்கம் தேடப் போயிருந்தார்கள். திரியில் தீ வைத்துவிட்டு எழுந்து திரும்பிய அப்பா, பாறை மேல் ஏறி வெடியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"ஓடு தாயி! கிட்ட வராத! ஓடு!"

பழக்கம் யாரை விட்டது? தேடிக் கண்டுபிடித்த பிள்ளையிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பொன்மணி ஓடவில்லை. வந்துகொண்டே இருந்தாள். அவர்தான் பாய்ந்து வந்து, அவளை இழுத்து மார்போடு அணைத்து, வெடிக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டார். ஒன்று. உடனே இன்னொன்று. அவருடைய சட்டையிலும் கையிலும் வெடிமருந்து வாடை அடித்தது. அம்மா தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்த வாடை. பொன்மணி அதை மோந்தபடியே அழுதாள். ஒரு வருஷத்து அழுகை, அதற்கு அழகு எங்கே இருக்கும்? மூக்கு ஒழுக, எச்சில் ஒழுக அழுதாள்.

கண்ணுச்சாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "மெதுவாக் குடி பாப்பா" என்றார்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் அப்பா கேட்டார்: "நேத்துப் பூராம் வெடி போட்டோமே தாயி. உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சுப்பா. எல்லாம் கேட்டுச்சு. அதான் ஓடிக்கிட்டே இருந்தேன்."

ஊர்க்காவலன் கையிலிருந்த ஊதுபத்தியைப் பார்த்தார். வெடி போடலாமா என்று கேட்டது அவர்தான். பாறையில் தேய்த்து அதை அணைத்தார். ஒரு தரத்துக்கு நாலு தரம் தேய்த்தார்.

"யப்பா, அன்னைக்கு நான் திரும்பிப் பாத்திருக்கலாம்ப்பா."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பாத்திருந்தா நான் இன்னிக்கு யாரத் தேடி வந்துருப்பேன்?" என்றார் அவர். "உங்கம்மா உன்ன ஓடச் சொன்னது சரிதாந்தா."

இறங்குகிற வழி ஒற்றையடிப் பாதை. கண்ணுச்சாமி முன்னால் போனார். அவருக்குப் பின்னால் பொன்மணி, கடைசியில் அப்பா. வழி வழுக்குகிறது, முன்னால் பார்த்து நடக்க வேண்டும் என்று கண்ணுச்சாமி பல தடவை சொல்லிவிட்டார். பொன்மணி கேட்கவில்லை. நாலு அடிக்கு ஒருதரம் நின்று, கழுத்தைத் திருப்பி, அப்பா வருகிறாரா என்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர், "வாரேன் தாயி" என்றார். திரும்பிப் பார்க்காதே என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை.