மேட்டுக்கு வழி விடாதவர்கள்

மலேசியாவில், குளுவாங் அருகே ஒரு செம்பனைத் தோட்டம். அதன் மேலாளர் யுகேந்திரன், ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்றபடியே பேட்ரிசியா விரித்த வரைபடத்தைப் பார்த்தார். தோட்டத்தைக் கடந்து காட்டுக்குப் போகும் யானைகளுக்குப் பாதை ஒதுக்குவதற்காக நிர்வாகம் வேலைக்கு வைத்திருந்த வனவிலங்கு ஆய்வாளர் அவள்.

“சார், ஜொகூர்ல இனி மழை எப்படி இருக்கும்னு கணிச்சிருக்காங்க. பெருமழை அடிக்கடி வரும், ஆத்தோரம் முங்கிடும். யானைங்க மேட்டுக்குத்தான் ஏறும். அங்க பாதை விடணும்.”

“அலமாக்! மேட்டு நிலம்தான் நமக்குச் சோறு போடுது. ஆத்தோரச் சதுப்புல ஒண்ணும் வெளையாது, அதை யானைக்கு விட்டுடலாம். என்னைக்கோ வர்ற மழைக்கு இப்பவே குடை பிடிக்கணுமா மிஸ்?”

அவள் எவ்வளவோ வாதாடினாள். பலிக்கவில்லை. சதுப்பு நிலம் யானைப் பாதையானது. மேட்டைச் சுற்றி மின்வேலி எழுந்தது. ‘யானைகளைக் காக்கும் தோட்டம்’ என்று சாலையோரத்தில் வெட்கமில்லாமல் பலகையும் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு பருவமழையில் ஆறு கரை புரண்டது. செய்தி கேட்டு பேட்ரிசியா ஓடினாள். யானைக் கூட்டம் வேலிக்கு முன்னால் வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்தது. தாய் யானை ஒன்று வேலியில் முட்டி, மின்சாரம் தாக்கிப் பிளிறிப் பின்வாங்கியது. அதன் காலடியில் ஒண்டியிருந்த குட்டி தத்தளித்தது.

பேட்ரிசியா போனில் கத்தினாள். “சார், வேலி கரண்ட்ட நிறுத்தச் சொல்லுங்க!”

“மேட்டுல நட்ட செம்பனைக் கன்னையெல்லாம் மிதிச்சிடும் லா. தண்ணி வடியட்டும்.”

அவள் காத்திருக்கவில்லை. மின்சாரக் கொட்டகையின் பூட்டைக் கல்லால் உடைத்து விசையை அணைத்தாள். யானைகள் வேலியைச் சாய்த்து மேடேறின. குட்டி மட்டும் ஏறவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பத்திரிகையாளர்கள் வந்தார்கள். சேற்றில் கிடந்த குட்டியின் அருகில் நின்று யுகேந்திரன் பெருமூச்சு விட்டார். “இயற்கைச் சீற்றம். நம்ம கையில என்ன இருக்கு?”

பேட்ரிசியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று முன்னால் வந்தாள்.

“எல்லாம் நம்ம கையிலதான் சார் இருந்துச்சு! இங்க வெள்ளம் வரும்னு முன்னாடியே சொன்னேன். தெரிஞ்சே வேலி போட்டீங்க. பத்திரிகைக்கார அண்ணே, மழை மேல பழியப் போடாதீங்க. நாங்க கொன்னுட்டோம்னு எழுதுங்க. நாளைக்கு வர்ற ஆபத்த இன்னைக்கே மதிச்சு வழி விடாதவங்க, காட்டைக் காக்கிறோம்னு பலகை வைக்கக் கூடாது!”