பத்து வருடப் பழசு

பழைய வீட்டுத்துணியில் பை தைக்கும் போட்டியை அறிவித்தது செயலாளர் அம்மா. விதிகளை எழுதியதும் அவரேதான். துணி சொந்த வீட்டுடையதாக இருக்க வேண்டும். பத்து வருடமாவது புழங்கியிருக்க வேண்டும். சொந்தக் கையால் தைக்க வேண்டும். எட்டு மாடிக் குடியிருப்பின் பெண்கள் சங்கம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. மூன்றாவது விதிக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கையும் சொந்தக் கையில் சேர்த்தி என்பது எல்லா மாடிக்கும் தானாகவே புரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்த பிறகுதான் இரண்டாவது விதி அவரை உதைத்தது. படுக்கை விரிப்பு போன வருடத்தது. தலையணை உறைக்கு ஆறு மாதம். மேசை விரிப்பில் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை. ஒரு துணியைப் பத்து வருடம் வைத்திருக்கும் நிலைமை அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

"பழசெல்லாம் எங்கே போச்சு?" என்றார், தரை துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணிடம்.

"என் வீட்டுக்குத்தாம்மா. நீங்கதானே குடுத்தீங்க."

"அந்தப் பச்சை ஜன்னல் திரை? இலை போட்டது?"

அவள் துணியை வாளியில் பிழிந்தாள். வேண்டியதற்கு மேலேயே பிழிந்தாள். "இருக்கு. அதை மட்டும் கேட்காதீங்கம்மா. எங்க வீட்டுக்காரர் ராத்திரி பூரா ரொட்டிக் கம்பெனியில மாவு பிசையிற மெஷின்கிட்ட நிக்கிறாரு. பகல்லதான் தூக்கம். எதிர்வீட்டுத் தகரத்துல வெயில் பட்டு எங்க ரூமுக்குள்ள டியூப்லைட் மாதிரி அடிக்கும். அந்தத் திரையைக் கட்டிலைச் சுத்திக் கட்டினப்புறம்தான் மனுஷன் கண்ணை மூடுறாரு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் நின்னுக்கிட்டே அசந்துட்டாரு. மெஷின் சட்டைக்கையை மட்டும் இழுத்துக்கிட்டு, கையை விட்டுடுச்சு."

செயலாளர் அம்மா முகத்தில் வர வேண்டிய வருத்தத்தை வரவழைத்தார். "ஐயோ பாவம். வேணும்னா புதுத்திரை ஒண்ணு வாங்கித் தர்றேனே?"

"புதுசு வெளிச்சத்தை உள்ள விடுதும்மா. அந்தக் கனத்துல இப்போ வர்றதே இல்லையாம்."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். சங்கத்துக்கு வெறுங்கையோடு போகும் செயலாளரை யார் மதிப்பார்கள்? மூன்றாம் நாள் மதியம் அவள் வீட்டுக்கே நேரில் போய் நின்றார்.

ஒற்றை அறை. தன் சோபாவின் மெத்தை, தன் மிதியடி, மூலை உடைந்த தன் கண்ணாடி. தன் வீடே சுருங்கி, மரியாதையாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. நடுவில் கட்டிலைச் சுற்றிப் பச்சைத்திரை, வெளுத்துப் போய்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"உஸ். மெதுவாம்மா."

இருபது வருடமாகக் கூட்டம் நடத்திய குரல் செயலாளர் அம்மாவுடையது. கிசுகிசுத்துக்கொண்டே அதிகாரம் செய்ய முடியாது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலைக்காரப் பெண் தரையில் உட்கார்ந்து திரையின் அடியைத் திருப்பிக் காட்டினாள். "ரெண்டு நாளா யோசிச்சேன். துணி சுருங்குமோன்னு உங்க டெய்லர் அப்பவே ஒரு முழம் உள்ள மடிச்சுத் தச்சிருக்கான். நான் பிரிக்கவே இல்ல. இதை மட்டும் வெட்டிக்கிட்டா, திரையும் தரையைத் தொடும், உங்களுக்கும் பை ஆயிடும். இந்த ஓரத்தைப் பிடிங்க. தொங்கவிடாதீங்க, இழுத்துப் பிடிங்க."

செயலாளர் அம்மா இழுத்துப் பிடித்தார். பிளேடு ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டு போனது. திரைக்குப் பின்னால் அவள் கணவன் இருமிப் புரண்டான். இரண்டு பேரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். குறட்டை மறுபடி ஆரம்பிக்கும்வரை செயலாளர் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு குறட்டைக்காக அவர் காத்திருந்தது அதுவே முதல்முறை. சொந்தக் கணவரின் குறட்டைக்கு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

செயலாளர் அம்மா வீட்டில் பூந்தொட்டி சுமந்துகொண்டிருந்த தையல் மெஷினுக்கு மறுநாள் விடுதலை கிடைத்தது. பிசிறு வெளியே தெரியாமல் இரட்டைத் தையல் போட்டு, பை நிற்பதற்காக அடிமூலைகளைக் கிள்ளித் தைத்தாள் அவள். ஒரு கைப்பிடியைச் செயலாளர் அம்மாவே தைத்தார். அது பாம்பு போன வழியாகப் போனது. பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு மதியம் போட்டி. நடுவர் ஒரு கைவினைப் பேராசிரியர். துணி தன்னோடு பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. பச்சைப் பையை விரலால் தேய்த்தார். பதினைந்து வருடம் வெயில் படாமல் மடிப்புக்குள் கிடந்த துணி, இலைகூட வாடாமல் பளிச்சென்று இருந்தது.

"இது பேசலையே. கடைத்துணி."

"இல்லீங்க, எங்க வீட்டு ஜன்னல் திரை. பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"அப்போ மீதித் திரை இருக்குமே?" என்றாள் ஐந்தாம் மாடி டாக்டர் மனைவி, தேன் ஒழுக. "கொண்டுவந்து பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம். நீங்க எழுதின விதிதானேக்கா."

பின்னால் தட்டில் தண்ணீர் கிளாஸ்கள் கலகலத்தன. தட்டை ஏந்தி நின்ற வேலைக்காரப் பெண் செயலாளர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை, அவள் வீட்டுக்காரர் திரைக்குள் தூங்கும் நேரம். கண்ணைக் காட்டினால் போதும், அவள் ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்துவிடுவாள். அதுதான் சங்கடம்.

"புதுத்துணிதான்," என்றார் செயலாளர் அம்மா. "போன வாரம் வாங்கினேன்."

ஹால் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. டாக்டர் மனைவியின் பழுப்பேறிய பை, நடுவரின் கண்ணைக் கலங்க வைத்து முதல் பரிசை வாங்கியது. தேயிலைத் தண்ணீரில் ஊறிய வாசனை கடைசி வரிசைவரை அடித்தது. பொய் சொல்கிறவர் பதவியில் இருப்பது சங்கத்துக்கு அழகில்லை என்று தீர்மானம் போட்டு, செயலாளர் பதவியையும் டாக்டர் மனைவிக்கே கொடுத்தார்கள்.

காலியான ஹாலில் வேலைக்காரப் பெண் கிளாஸ்களைப் பொறுக்கினாள். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? அவரை எழுப்பியாவது எடுத்துட்டு வந்திருப்பேனே."

"தெரியும்டி. அதான்."

கோணல் கைப்பிடியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருபது வருஷமா இவங்ககிட்ட எவ்வளவோ உண்மை சொல்லியிருக்கேன்," என்றார், உண்மையிலேயே மனம் நொந்து. "ஒண்ணையாவது இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்காங்களா, பாரேன்."